மடை திறக்கும் முன்

நுழையும்முன்

கண்ணுக்குப் புலப்படாமல் இயங்கும் நிரல் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பது, அதனைத் தொடங்கும் ஒரே வரியில் முடிவாகிறது. அவ்வரியைத் தேர்ந்து எழுதுவதன் இன்றியமையாமையை இக்கட்டுரை விளக்குகிறது.

குமிழித் தூம்பு

வற்றாத ஆறுகள் இல்லாத புதுக்கோட்டை மாவட்டத்தில் மழைநீரைத் தேக்கிய கண்மாய்களே வேளாண்மைக்கு உயிராய் விளங்கின. பழங்கண்மாய்களின் உள்ளே, கரையிலிருந்து சற்றுத் தள்ளிக் குமிழித் தூம்பு என்னும் கல் அமைப்பை நிறுவினர். நீருக்கடியில் உள்ள அதன் துளையின் அடைப்பை உயர்த்தினால், நிலத்தடிக் கால்வாய் வழியே நீர் வயலைச் சென்றடையும். எவ்வளவு திறப்பது என்பதை முன்னரே முடிவுசெய்தல் வேண்டும். ஓடிய நீர் மீளாது.

வாயில் காக்கும் நிரல்

கணினி உலகிலும் இத்தகைய மடைகள் உண்டு. பிற கணினிகளின் வேண்டுகோள்களுக்கு விடையளிக்கும் கணினி, சேவையகம் எனப்படும். அதன் பின்னணியில் ஓயாது காத்திருந்து பணிபுரியும் நிரலை ‘டீமன்’ என்பர். வாயிலைத் திறந்தும் மூடியும் மூலக்கூறுகளைப் பிரிக்கும் காவலன் ஒருவனை இயற்பியலாளர் மேக்ஸ்வெல் கற்பனை செய்தார். அதனை நினைந்தே, 1963இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் மேக் திட்டத்தினர் இப்பெயரை இட்டனர்.

ஓரெழுத்தின் ஆற்றல்

டீமனைத் தொடங்கும் கட்டளையில், அதன் பெயரை அடுத்துச் சிறுகோடிட்டு எழுதப்படும் எழுத்துகள் ‘தெரிவுகள்’ ஆகும். தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவும் ஓப்பன்எஸ்எஸ்எச் மென்பொருளின் டீமனை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். தெரிவு எதுவும் இன்றித் தொடங்கினால் அது பின்னணிக்குச் சென்றுவிடும். ஆங்கில நெடுங்கணக்கின் நான்காம் எழுத்தைப் பெரிய வடிவில் சேர்த்தால், பின்னணிக்குச் செல்லாமல், கண்காணிக்க ஏற்றவாறு முன்னணியில் நின்று பணிபுரியும். அதே எழுத்தைச் சிறிய வடிவில் சேர்த்தால், பிழை காண்பதற்கான விரிவான செய்திகளைக் காட்டும். ஆனால் ஓர் இணைப்பை மட்டுமே ஏற்று முடிந்துவிடும். பலருக்குப் பணிபுரிய வேண்டிய சேவையகத்தில் வடிவம் மாறினால் சேவையே நின்றுபோகும்.

முதலில் சோதனை

புதுக்கோட்டையில் இருந்தவாறு தொலைதூர நகரிலுள்ள சேவையகத்தைப் பராமரிப்பவர்க்கு இந்த டீமனே நுழைவாயில். அதன் அமைவுக் கோப்பில் பிழையிருக்க, அறியாமல் மீண்டும் தொடங்கினால், டீமன் இயங்காது. புதிதாக எவரும் உள்ளே நுழைய இயலாது. இதனைத் தவிர்க்கவும் ஒரு தெரிவு உண்டு. இருபதாம் எழுத்தைச் சிறிய வடிவில் சேர்த்தால், டீமன் சேவையைத் தொடங்காமல் அமைவுக் கோப்பை மட்டும் சோதித்துப் பிழையைச் சுட்டும். அப்பிழையைத் திருத்திய பின்னர் மீண்டும் தொடங்கலாம்.

கரையின் வலிமையையும் வயலின் தேவையையும் அறிந்தே மடை திறந்தனர் முன்னோர். கட்டளை இடுவோர்க்கும் அதுவே நெறியாகும்.