இரத்தத்தில் மருந்து எவ்வளவு?

கொண்டப்பநாயக்கன்பட்டியில் உள்ள மாணவரும் செய்து பார்க்கக்கூடிய சோதனை இது. சாக்குக்கட்டியின் அடியிலிருந்து சற்று மேலே கறுப்பு மையால் புள்ளி வையுங்கள். புள்ளி நனையாதபடி அடிமுனையை மட்டும் தண்ணீரில் நிறுத்துங்கள். நீர் ஏற ஏற, மையில் கலந்திருந்த நிறங்கள் பிரியும். சாக்குடன் அதிகம் ஒட்டும் நிறம் பின்தங்கும், ஒட்டாதது முந்தும். இதுவே வண்ணப்பிரிகை. ருஷ்யத் தாவரவியலார் சுவெட் 1903-இல் இலையின் நிறமிகளைப் பிரித்த வழியும் இதுதான்.

சென்னைச் சேத்துப்பட்டில் 1956-இல் தொடங்கிய காசநோய் ஆய்வு நிலையத்தில் (இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்) நோயாளியின் இரத்தத்திலுள்ள ரிஃபாம்பிசின் மருந்தை இம்முறையில் அளக்கிறார்கள். ஏன்? விழுங்கிய மாத்திரை முழுவதும் இரத்தத்தில் சேர்ந்துவிடும் என்று எண்ணாதீர்கள். சாப்பிட்டவுடன் விழுங்கினாலே சேரும் அளவு குறையும். குறைந்தால் கிருமி பிழைக்கும். மருந்துக்கு அடங்காததாகவும் மாறலாம்.

மாத்திரை கொடுத்து 2 மணி நேரம் கழித்து இரத்தம் எடுப்பர். எலுமிச்சை பிழிந்த பால் திரிவதுபோல் அதன் புரதத்தைத் திரியச் செய்து நீக்கியபின், தெளிந்த நீரை மெல்லிய குழாயில் மிகுந்த அழுத்தத்துடன் செலுத்துவர். மருந்து தனியே வெளிவரும் கணத்தில் புறஊதா ஒளியை அது எவ்வளவு விழுங்குகிறது என்று கருவி வரைந்து காட்டும். (இங்கே வேதியியல் முடிந்து எங்கள் இயற்பியல் தொடங்குகிறது!) மில்லிலிட்டருக்கு 8 மைக்ரோகிராமாவது இருக்க வேண்டும், 1000 லிட்டர் தொட்டியில் 8 கிராம் உப்பைப் போல.

தொழுநோய்க்கான குளோஃபசிமினோ தோலிலேயே தங்கி அதைக் கருமையாக்கும். அதை அளக்கத் தோல் துணுக்கை அரைத்து, மருந்தைக் கரைத்தெடுத்த பிறகே குழாயில் விட வேண்டும்.