புஷ்பப் பள்ளத்தாக்குக்குப் போகலாமா?

விடுமுறை என்றால் நம் குடும்பங்களில் என்ன நடக்கிறது? ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போகிறோம். குழந்தைகள் ஏரியில் படகு விடுகிறார்கள். புருஷர்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பத்திரிகை படிக்கிறார்கள். நமக்கு மட்டும் சமையலறை ஏழாயிரம் அடி உயரத்துக்கு மாறுகிறது, அவ்வளவுதான்!

ஒரு தடவையாவது நம் கால்களால் நடந்து ஒரு மலையைப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்று நானும் என் நாத்தனாரும் தீர்மானித்தோம். அவருக்கு வயது ஐம்பத்தாறு, எனக்கு ஐம்பத்திரண்டு. எதிர் வீட்டு மாமி, "இந்த வயசிலேயா? முழங்கால் என்னத்துக்கு ஆகும்?" என்று கேட்டாள். கேட்கக் கூடாத கேள்வி அல்ல. அதற்கு விடை சொல்லத்தான் இரண்டு மாதம் உழைத்தோம். அதைப் பிறகு சொல்கிறேன்.

நாங்கள் தேர்ந்தெடுத்த இடம் உத்தராகண்ட் மாநிலத்தில், பத்ரிநாத் போகும் வழியில் பக்கவாட்டில் ஒதுங்கியிருக்கும் புஷ்பப் பள்ளத்தாக்கு. 1931-ல் காமெத் சிகரத்தில் ஏறிவிட்டுத் திரும்பிய பிராங்க் ஸ்மைத் என்ற ஆங்கிலேயரும் அவருடைய சகாக்களும், மழையிலும் பனியிலும் ஒரு கணவாயைத் தாண்டி இறங்கியபோது இந்தப் பூ வெளியில் வந்து நின்றார்கள். அதை மறக்க முடியாமல் 1937-ல் ஸ்மைத் மறுபடியும் வந்து தங்கிச் செடிகளைச் சேகரித்தார். அடுத்த வருஷம் ஒரு புத்தகமும் எழுதினார். உலகத்துக்குப் பெயர் தெரிந்தது அதிலிருந்துதான். (ஆடு மேய்க்கிற பியூந்தார் கிராமத்து ஜனங்களுக்கு அதற்கு முன்பே தெரியும், அவர்கள் புத்தகம் எழுதவில்லை!) 1982-ல் தேசியப் பூங்காவாக ஆயிற்று. 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

இனி, திட்டம் போடுவதில் உள்ள முக்கியமான சங்கடத்தைச் சொல்கிறேன். பூங்கா ஜூன் முதல் தேதி திறந்து அக்டோபர் கடைசியில் மூடுகிறது. ஜூனில் போனால் வானம் தெளிவாக இருக்கலாம், ஆனால் ஆங்காங்கே பனிக்கட்டி கிடக்கும். பூ அதிகம் இராது. பூக்கள் கூட்டமாகப் பூப்பது ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்டு வரையில். அதாவது சரியாக மழைக்காலத்தில்! அந்த மழைதான் பூவைக் கொண்டு வருகிறது. அதே மழைதான் மலையைச் சரித்துப் பாதையையும் மூடுகிறது. பூ வேண்டும், மழை வேண்டாம் என்றால் நடக்காது. ஆகவே இந்தப் பிரயாணத்துக்குப் பணத்தைவிட அவசியமான சாமான் ஒன்று உண்டு. அது உபரி நாள்.

என் வீட்டுக்காரர் ஒரு காகிதத்தில் திட்டம் எழுதினார். ஒன்பது நாளில் டில்லி, ஹரித்வார், கேதாரம், பத்ரி, பள்ளத்தாக்கு, முசூரி! நாத்தனார் அதைப் பார்த்துவிட்டு, "டேய், இது யாத்திரையா, தபால் பட்டுவாடாவா?" என்று கேட்டார். பென்சிலை வாங்கிக் கேதாரத்தையும் முசூரியையும் அடித்தார். பிறகு இரண்டு இடங்களில் 'சும்மா' என்று எழுதினார். ஒன்று சாலைக்கு, மற்றொன்று மலைக்கு. மொத்தம் பன்னிரண்டு நாள் ஆயிற்று. "ஒன்றும் பண்ணாமல் இருக்க இரண்டு நாளா? தண்டச் செலவு!" என்று அவர் முணுமுணுத்தார். தம்பியாயிற்றே, அதற்கு மேல் பேசவில்லை.

வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டில்லி வரை ரயில். அங்கிருந்து ஹரித்வார், ரிஷிகேசம். ரிஷிகேசத்திலிருந்து ஜோஷிமட் சுமார் 250 கிலோமீட்டர். மலைப்பாதையில் அது ஒரு முழுப் பகல். இரவில் வண்டி விடமாட்டார்கள். ஒரே நாளில் போக முடியும் என்றாலும், நடுவில் ருத்ரப்பிரயாகையிலோ பீபல்கோட்டியிலோ இரவு தங்குவதுதான் உடம்புக்கு நல்லது. வைஷ்ணவ வீடுகளில் இந்த வழியே தனி விசேஷம்: தேவப்பிரயாகை, ஜோஷிமட், பத்ரி மூன்றையும் திவ்ய தேசங்களாகச் சேவிக்கிறார்கள். ஜோஷிமட்டுக்கு 2024 முதல் ஜோதிர்மட் என்று பெயர். 2023 ஜனவரியில் அங்கே நிலம் தாழ்ந்து நூற்றுக்கணக்கான வீடுகள் விரிசல் கண்டது நினைவிருக்கும். அதனால் நாங்கள் அங்கே நரசிம்மரைத் தரிசித்துவிட்டுத் தங்காமல் போவதாகத் திட்டமிட்டோம்.

பத்ரி சாலையில் கோவிந்த்காட் என்ற இடத்தில் இறங்கி, ஜீப்பில் நாலு கிலோமீட்டர் போனால் புல்னா. அத்துடன் சாலை முடிந்தது. அப்புறம் நம் கால்தான். காங்கரியா வரை சுமார் பத்து கிலோமீட்டர் ஏற்றம். முடியாதவர்களுக்குக் கோவேறு கழுதை உண்டு. முதுகுக் கூடையில் தூக்கிப் போகிற ஆட்களும் உண்டு. காங்கரியா பத்தாயிரம் அடி உயரம். தங்கும் விடுதிகளும் சீக்கியர்களின் குருத்துவாராவும் இருக்கின்றன. பள்ளத்தாக்கின் உள்ளே இரவில் தங்க அனுமதி கிடையாது. காலையில் வனத்துறைச் சோதனைச் சாவடியில் சீட்டு வாங்கிப் போய், மாலைக்குள் திரும்பிவிட வேண்டும். கழுதையும் உள்ளே வராது. பத்ரிக்கும் ஹேமகுண்டத்துக்கும் முன்கூட்டியே பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

இப்போது முழங்கால் விஷயம். புல்னாவிலிருந்து காங்கரியா ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரம் ஏற வேண்டும். எங்கள் கட்டிடம் நாலு மாடி, பன்னிரண்டு மீட்டர். கணக்குப் போட்டால், அதை எண்பது தடவைக்கு மேல் ஏறினால் ஒரு காங்கரியா! முதல் நாள் ஐந்து தடவை ஏறினேன், மூச்சு வாங்கியது. லிப்டு இருக்கிற வீட்டில் ஒருத்தி மாடிப்படியில் மேலும் கீழும் போவதைப் பார்த்து, சாவியைத் தொலைத்துவிட்டாளோ என்று எல்லோரும் விசாரித்தார்கள். இரண்டாவது மாதத்தில் ஐந்து கிலோ அரிசிப் பையை முதுகில் கட்டிக்கொண்டு முப்பது தடவை ஏறினேன். இறங்குவதையும் அலட்சியம் செய்யாதீர்கள். முழங்கால் கெஞ்சுவது இறக்கத்தில்தான். ரத்த அழுத்தம், இருதயக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் புறப்படவே கூடாது. மேலே போனபின் தலைவலி, குமட்டல், ஓய்விலும் மூச்சுத் திணறல் என்று வந்தால், மாத்திரை போட்டுக்கொண்டு சமாளிக்கலாம் என்று உட்கார்ந்திருக்காமல் கீழே இறங்கிவிட வேண்டும்.

உடை விஷயத்தில் ஒரு வார்த்தை. நாத்தனார் ஆயுசில் புடவை தவிர வேறு கட்டியதில்லை. நனைந்த புடவை எத்தனை கனம் என்பது துணி பிழிகிற நமக்குத் தெரியாதா? கடைசியில் சல்வாருக்குச் சம்மதித்தார். பருத்தி நனைந்தால் காயாது. உடம்போடு ஒட்டிக்கொண்டு குளிர் ஏற்றும். கம்பளியும் நைலான் வகையும்தான் சௌகரியம். பூட்ஸைப் புதிதாக வாங்கி அங்கே போய்ப் போடாதீர்கள். இரண்டு மாதம் வீட்டிலேயே பழக்குங்கள். முழங்கால் வரை தொங்கும் மழைக்கோட்டு ஒன்று, கைக்கழி ஒன்று, சாமானையெல்லாம் பிளாஸ்டிக் உறையில் கட்டி வைக்கும் புத்தி ஒன்று, இவை போதும். பருப்புப்பொடி கொண்டு போனோம். ஆனால் அங்கே சாதம் கொஞ்சம் விறைப்பாகத்தான் இருக்கும், சமையல்காரரைக் கோபிக்காதீர்கள். அந்த உயரத்தில் தண்ணீர் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும்!

நாங்கள் புறப்பட்ட மூன்றாம் நாளே திட்டம் கலைந்தது. பீபல்கோட்டிக்கு அப்பால் மலைச்சரிவு. இரண்டு இயந்திரங்கள் மண்ணை வாரி வாரித் தள்ளின. மேலிருந்து கல் உருண்டுகொண்டே இருந்தது. ஏழு மணி நேரம் வண்டியில் உட்கார்ந்திருந்தோம். பிறகு திரும்பி வந்து பீபல்கோட்டியிலேயே படுத்தோம். நாத்தனார் காகிதத்தை எடுத்து முதல் 'சும்மா'வை அடித்தார். வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

காங்கரியாவிலும் முதல் நாள் விடாத மழை. பள்ளத்தாக்கின் வழியைத் திறக்கவில்லை. இரண்டாவது 'சும்மா'வும் போயிற்று. எங்கள் விடுதியில் புனாவிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. அவர்களுக்கு இருந்தது அந்த ஒரு நாள்தான். மறுநாள் கீழே இறங்கினால்தான் விமானம் பிடிக்க முடியும். அந்த அம்மாள் காலை முழுவதும் வாசலில் நின்று மழையையே பார்த்துக்கொண்டிருந்தாள். விடியற்காலையில் அவர்கள் இறங்கிப் போனார்கள். இரண்டு மணி நேரத்தில் வானம் வெளுத்தது. எனக்கு என்னமோ அந்த அம்மாளின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

பாலத்தைத் தாண்டி இரண்டு கிலோமீட்டர் செங்குத்தான ஏற்றம். ஓரிடத்தில் மலை சட்டென்று விலகுகிறது. மேகம் தரையோடு நகர்கிறது. அது விலகும் இடமெல்லாம் பூ! இளஞ்சிவப்பு, வெள்ளை, மஞ்சள், ஊதா. இடுப்பளவு உயர்ந்து நின்ற இளஞ்சிவப்புப் பூவைப் பார்த்து நாத்தனார், "இதென்னடி, நம்ம காசித்தும்பை மாதிரி இருக்கே!" என்றார். வழிகாட்டியைக் கேட்டால், காசித்தும்பையின் இனம்தானாம். படமெடுத்த பாம்புபோல் ஒன்று நின்றது. அது நம் சேப்பங்கிழங்கின் உறவு. நீலப் பாப்பியைக் கண்டது இரண்டே இடத்தில். அந்த நீலத்துக்கு ஒப்பாக எந்தப் புடவைக் கடையிலும் நான் பார்த்ததில்லை. பிரம்ம கமலத்துக்கு ஹேமகுண்டம் போக வேண்டும். 14,000 அடிக்கு மேல். நாள் இல்லாததால் விட்டுவிட்டோம்.

உள்ளே ஒரு கல்லறை இருக்கிறது. ஜோன் மார்கரெட் லெக் என்ற ஆங்கிலப் பெண்மணி 1939-ல் செடி சேகரிக்க வந்து, ஜூலை 4-ம் தேதி பாறைச் சரிவில் வழுக்கி விழுந்து இறந்தாள். பின்னால் அவளுடைய சகோதரி இத்தனை தூரம் தேடி வந்து இந்தக் கல்லை வைத்தாள். பிறந்த வருஷம் 1885 என்று பொறித்திருக்கிறது. நாத்தனார் விரல்விட்டு எண்ணினார். "ஐம்பத்துநாலு" என்று மட்டும் சொன்னார். கல்லைச் சுற்றிப் பூத்திருந்ததைப் பறிக்கக் கூடாது என்பது சட்டம். ஆகையால் பையிலிருந்த குங்குமத்தில் ஒரு சிட்டிகை எடுத்து ஓரத்தில் வைத்துவிட்டு எழுந்தார்.

ஊர் திரும்பி ஒரு வாரம் ஆயிற்று. எதிர் வீட்டு மாமி படங்களையெல்லாம் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் விடியற்காலை ஐந்தரை மணிக்குப் பால் எடுக்கக் கதவைத் திறந்தேன். மாடிப்படியில் யாரோ மெதுவாக ஏறிக்கொண்டிருந்தார்கள். எட்டிப் பார்த்தேன். கையில் அரிசிப் பை இல்லை, மற்றபடி மாமியேதான்.