கடிவாளம் அவர்கள் கையில்

சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தில் பட்டாசு ஆலை விபத்து என்ற செய்தி வந்தால், இறந்தோர் எத்தனை பேர் என்றே நாம் முதலில் கேட்கிறோம். 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர். பிழைத்தவர்களைப் பற்றிக் கேட்போர் குறைவு. விரல்கள் கருகிச் சுருங்கியவருக்கும், பார்வை இழந்தவருக்கும், கால் இழந்தவருக்கும் வீடு திரும்பிய பின் திண்ணையே உலகமாகி விடுகிறது. இழப்பீடு, உதவித்தொகை, சக்கர நாற்காலி ஆகியவற்றைப் பற்றியெல்லாம் பேசுகிறோம். அவர்களுடைய ஞாயிற்றுக்கிழமை மாலைகள் எவ்வாறு கழிகின்றன என்று கேட்கிறோமா? மாற்றுத் திறனாளிகளுக்கான 2016-ஆம் ஆண்டுச் சட்டம் பொழுதுபோக்கையும் அவர்தம் உரிமையாகவே குறிப்பிடுகிறது.

இங்கிலாந்தில் ஊனமுற்றோருக்குக் குதிரையேற்றம் கற்பிக்கும் சங்கம் 1969-இல் உருவாயிற்று. சில ஆண்டுகளில் குதிரை வண்டி ஓட்டுதலும் அதனோடு சேர்ந்தது. சேணத்தில் அமர இயலாதவரும் வண்டியில் அமரலாம் அல்லவா? இதற்கு ஊக்கமளித்தவர் எடின்பரோ கோமகன் பிலிப். மூட்டுவாதத்தால் 1971-இல், தம் 50-ஆம் வயதில் போலோ ஆட்டத்தைக் கைவிட்டு வண்டி ஓட்டத் தொடங்கிய அவர், தொண்ணூறு கடந்தும் அதை விடவில்லை.

ஓட்டும் முறை எளியது. வண்டியின் பின்புறம் சாய்வுப் பலகை இறங்குகிறது. சக்கர நாற்காலியோடே ஏற்றி, அதை அசையாதபடி பூட்டுகிறார்கள். கடிவாள வார்கள் இரண்டு இணை. ஓர் இணை ஊனமுற்றவர் கையில். மற்றதை அருகே அமர்ந்த தேர்ந்த ஓட்டுநர் தளர்வாகப் பிடித்திருப்பார். ஆபத்து நேர்ந்தாலன்றி அவர் இழுப்பதில்லை. விரல் வலுவற்றவருக்கு வாரில் வளையங்கள் தைத்துக் கொடுக்கிறார்கள். ஒற்றைக் கையால் ஓட்டுவதோ பழைய வண்டிக் கலையிலேயே உள்ள முறை. பார்வையற்றவருக்கு அருகிலிருப்பவரின் குரலே வழிகாட்டி. பிறர் தள்ளத் தள்ளச் சென்றவர், தாமே ஒரு பெரிய விலங்கைத் திருப்பி, நிறுத்தி, நடத்துகிறார். இதன் சிறப்பே இதுதான் என்பது நம் கருத்து. சுமந்து சென்று வேடிக்கை காட்டுவது வேறு. ஓட்டச் செய்வது வேறு.

நம் பக்கத்தில் குதிரைக்கு ஒரு தடை உண்டு. வெடியோசைக்கு மிரளும் குதிரையைப் பட்டாசு ஊர்களில் பூட்டுவது விவேகமாகாது. ஓசைக்குப் பழகிய, வயது முதிர்ந்த, சாதுவான குதிரையே தகும். அதைவிட நமக்கு நெருக்கமானது மாட்டு வண்டி. ரேக்ளா பந்தயத்தின் ஆரவாரம் இங்கே வேண்டியதில்லை. மேடு பள்ளமற்ற கண்மாய்க்கரைச் சாலையில், மெல்ல நடக்கும் காளைகள் போதும். நுகத்தடியையும் மூக்கணாங்கயிற்றையும் சிறுவயது முதல் அறிந்தவர்கள் அல்லவா நம் தொழிலாளருள் பலர்! இரண்டாம் பிடிகயிற்றை எவ்வாறு கட்டலாம் என்பதை அனுபவமிக்க வண்டிக்காரர்களே சொல்ல வேண்டும்.

வண்டி ஒன்றுக்கு அருகே அமர ஒருவர், மாட்டின் தலைப்பக்கம் நடக்க ஒருவர், நாற்காலியை ஏற்றி இறக்க இருவர், ஆக நால்வர் தேவை. நம் பங்கு இளைஞர்களுள் அத்தனை பேர் கிடைப்பார்கள். வெயில் தாழ்ந்த பின், மாலை ஐந்து மணியளவில் தொடங்குவது நலம்.