தனி வீரரும் அணியும்

தமிழில் ‘அணி’ என்னும் சொல்லுக்குப் பொருள் பல. நகையும் அணி, வரிசையும் அணி, படையின் வகுப்பும் அணி, செய்யுளுக்கு அழகு செய்வதும் அணி. ஒன்றுகூடி விளையாடுவோரையும் இன்று அச்சொல்லாலேயே குறிக்கிறோம். பொருத்தமான ஆட்சிதான். பெறற்கரிய மணியாயினும், பொன்னில் பதித்து ஏனைய மணிகளோடு கோத்த பின்னரே அது நகையாகிறது.

ஆயினும், ஆட்டம் பார்க்கச் செல்வோர் பெரும்பாலும் அணியைப் பார்ப்பதில்லை; ஒருவரைத்தான் பார்க்கிறார்கள். அந்த ஒருவர் நன்றாக ஆடியும் அணி தோற்றுவிட்டால், மற்றவர்கள் அவரைக் கைவிட்டனர் என்று வருந்துகிறார்கள். சிறந்த வீரர் இருந்தும் ஓர் அணி இறுதிக் கட்டத்தில் தோற்பது ஏன்? அவர் இல்லாதபோதும் சில வேளைகளில் வெல்வது எப்படி? இவ்வினாக்களுக்கு விடை தேடச் சிங்கப்பூர் வாசகர் நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. தேக்காவிலிருந்து நடந்து செல்லும் தொலைவிலுள்ள ஜாலான் புசார் விளையாட்டரங்கும், அதற்கப்பால் காலாங்கிலுள்ள உள்ளரங்கும் போதுமான சான்று தரும். முதலில், இவ்வினா மிகத் தெளிவாக எழும் கூடைப்பந்தாட்டத்தை எடுத்துக்கொள்வோம்.

ஐவரில் ஒருவர்

காற்பந்தில் பதினொருவர், கூடைப்பந்தில் ஐவர். பதினொருவரில் ஒருவர் பல நிமிடங்கள் பந்தைத் தொடாமலே இருத்தல் கூடும். கூடைப்பந்தில் அவ்வாறு ஒதுங்கி நிற்க இடமில்லை. ஒரே ஆட்டக்காரர் தாக்கவும் வேண்டும், காக்கவும் வேண்டும். பந்தைப் பெற்ற அணி 24 விநாடிகளுக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும் என்பது விதி. ஆகவே, மிகச் சிறந்த ஒருவரின் கையில் பந்தை மீண்டும் மீண்டும் கொடுத்து ஆட முடிகிறது. குழு விளையாட்டுகளில் தனி ஒருவரின் வலிமை மிகுதியாகப் புலப்படுவது இங்கேதான்.

அவ்வலிமைக்குள்ளேயே அதன் எல்லையும் அடங்கியிருக்கிறது. எதிரணி அந்த ஒருவரை மறிக்க இருவரை நிறுத்துகிறது என்று கொள்வோம். அப்போது எஞ்சிய மூவர் நால்வரைக் காக்க வேண்டியவர் ஆகின்றனர். நால்வரில் ஒருவர் எங்கோ காவலின்றி நிற்பார். அவரிடம் பந்து சென்றால் எதிரணியின் திட்டம் உடைந்துவிடும். செல்லாவிட்டால் அத்திட்டம் பலித்துவிடும். எனவே நட்சத்திர வீரரின் உண்மையான மதிப்பு அவர் எறியும் பந்தில் மட்டும் இல்லை. இருவரைத் தம்பால் இழுத்துக்கொண்டு மூன்றாமவருக்கு அவர் கொடுக்கும் பந்திலும் இருக்கிறது.

அறுபத்து மூன்று புள்ளிகள்

இவ்வுண்மைக்கு உலகறிந்த சான்று, அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜார்டன். பருவ ஆட்டங்கள் முடிந்தபின், முன்னணி அணிகள் மட்டும் மோதி ஒன்றை ஒன்று வெளியேற்றும் கட்டத்தை அங்கே ‘பிளே-ஆஃப்’ என்பர். 1986 ஏப்ரல் 20-ஆம் நாள் அக்கட்டத்தில் சிக்காகோ புல்ஸ் அணி, பாஸ்டன் செல்ட்டிக்ஸ் அணியை எதிர்த்தது. ஜார்டன் ஒருவரே 63 புள்ளிகள் எடுத்தார். இருமுறை கூடுதல் நேரம் தந்தும், முடிவில் பாஸ்டன் 135-131 என வென்றது. அத்தொடரில் சிக்காகோ ஓர் ஆட்டத்திலும் வெல்லாமல் வெளியேறியது.

அடுத்த பருவத்தில் ஜார்டன் ஆட்டத்துக்குச் சராசரி 37.1 புள்ளிகள் எடுத்தார். அப்போதும் வாகை அவருக்குக் கிட்டவில்லை. 1989-இல் தலைமைப் பயிற்றுநரான பில் ஜாக்சன், மூவர் முக்கோணமாக நின்று பந்தைக் கைமாற்றி ஆடும் முறையை அணிக்குப் பழக்கினார். பந்து பலர் கைக்கும் சென்றது. ஸ்காட்டி பிப்பனும் பிறரும் பொறுப்பைப் பகிர்ந்துகொண்டனர். 1990-91 பருவத்தில் ஜார்டனின் சராசரி 31.5-ஆகக் குறைந்தது. அந்தப் பருவத்தில்தான் சிக்காகோ முதன்முதலாக வாகை சூடியது. 1998-க்குள் அவ்வெற்றிகள் ஆறாயின.

1997-ஆம் ஆண்டு இறுதித் தொடரின் ஆறாம் ஆட்டத்தில், யூட்டா ஜாஸ் அணியும் சிக்காகோவும் 86-86 எனச் சமமாக நின்றன. எஞ்சியவை சில விநாடிகள். பந்து ஜார்டனிடம் இருந்தது. இரண்டாம் காவலரும் அவரை நோக்கி ஓடிவந்தார். ஜார்டன் தாம் எறியவில்லை. தனித்து நின்ற ஸ்டீவ் கெர்ருக்குப் பந்தைக் கொடுத்தார். கெர் எறிந்த பந்து கூடையில் விழுந்தது. 1986-இல் 63 புள்ளிகள் எடுத்துத் தோற்ற அதே வீரர், பதினோராண்டுகளுக்குப் பின் ஒரு பந்தைக் கொடுத்து வென்றார். இடைப்பட்ட காலத்தில் அவர் கற்ற பாடம் அதுவே.

ஐந்தாம் ஆட்டம்

சிங்கப்பூரின் தொழில்முறைக் கூடைப்பந்து அணியான சிங்கப்பூர் ஸ்லிங்கர்ஸ் 2006-இல் தோன்றியது. ஆஸ்திரேலியத் தேசிய லீக்கில் சேர்ந்து ஆடிய அவ்வணி, பயணச் செலவு முதலான சுமைகளால் 2008-இல் அதினின்று விலகியது. 2009-இல் ஆசியான் கூடைப்பந்து லீக் தொடங்கியபோது அதில் இடம்பெற்றது. அயல்நாட்டு வீரர் சிலர் உள்ளூர் வீரர்களோடு சேர்ந்து ஆடுவது அந்த லீக்கின் முறையாக இருந்தது. சேவியர் அலெக்சாண்டர் போன்றோர் ஸ்லிங்கர்ஸின் முன்னணியில் நின்றனர். சிங்கப்பூரரான நியோ பெங் சியாங் பயிற்றுவித்தார்.

2016-இல் இவ்வணி இறுதித் தொடரை எட்டியது. ஐந்து ஆட்டங்களில் மூன்றை வெல்வதே வாகைக்கு வழி. மலேசியா டிராகன்ஸ் அணியிடம் 3-2 எனத் தோற்றது. 2019-இல் மீண்டும் இறுதித் தொடர். இம்முறை இந்தோனேசியாவின் சி.எல்.எஸ். நைட்ஸ். கடைசி ஆட்டம் காலாங்கில், சொந்த ரசிகர் முன்னிலையில் நடந்தது. முடிவு மறுபடியும் 3-2, மறுபடியும் தோல்வி. இரு தொடரிலும் பத்து ஆட்டங்கள் ஆடி நான்கில் வென்ற அணிக்கு, வாகைக்குக் குறைந்தது ஒவ்வொரு முறையும் ஒரே ஓர் ஆட்டந்தான்.

இத்தகைய தொடர், ஒரே ஆட்டத்தில் முடியும் கோப்பைப் போட்டியினின்று வேறுபட்டது. கணக்கு ஆசிரியர் இதனை எளிதில் விளக்குவார். ஓர் ஆட்டத்தில் வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு அறுபது உடைய அணிக்கு, ஐந்து ஆட்டத் தொடரை வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ அறுபத்தெட்டு. ஆட்டங்கள் கூடக்கூட, தற்செயலின் பங்கு குறைகிறது. அதோடு, எதிராளியைப் படிக்கவும் நேரம் கிடைக்கிறது. நட்சத்திர வீரர் எந்தப் பக்கம் திரும்புவார், எங்கிருந்து எறிவார் என்பதை முதல் ஆட்டத்தில் அறியாதவர், நான்காம் ஆட்டத்துக்குள் அறிந்துவிடுகிறார். அனைத்துலக விதிப்படி ஐந்து தவறு செய்தவர் வெளியேற வேண்டும். ஆதலால் நான்கு தவறு செய்துவிட்ட வீரரைப் பயிற்றுநர் இருக்கையில் அமர்த்துகிறார். அப்போது களம் புகுவோர் ஆறாமவரும் ஏழாமவரும். தொடர் நீளும்போது அவர்களது தரமும் அளக்கப்படுகிறது.

ஜாலான் புசாரில் ஓர் இரவு

கூடைப்பந்து காட்டிய இப்பாடத்தைச் சிங்கப்பூர்த் தமிழர் காற்பந்தில் கண்கூடாகக் கண்டனர். வி. சுந்தரமூர்த்தி என்ற பெயரை அறியாதார் அக்காலத்தில் அரியர். 1965-இல் பிறந்த அவர், சுவிட்சர்லாந்தின் பாசல் கழகத்திற்கும் ஆடியவர். காண்போர் கண் கூசும்படி ஆடுபவர் என்னும் பொருளில் ஆங்கிலத்தில் அவருக்குப் பட்டப்பெயரே உண்டு. 1993-இல் புருணையை எதிர்த்து அவர் அந்தரத்தில் மல்லாந்து தலைக்கு மேலாக உதைத்துப் போட்ட கோல், இன்றும் பேசப்படுவது.

அவ்வாண்டு ஃபாண்டி அகமது, அப்பாஸ் சாத், சுந்தரமூர்த்தி ஆகிய மூவரும் சிங்கப்பூருக்காக ஆடினர். அணி மலேசியக் கோப்பை இறுதியாட்டம் வரை சென்று, கெடாவிடம் 2-0 எனத் தோற்றது. மறு ஆண்டு, 1994 டிசம்பர் 17 அன்று, ஷா ஆலம் அரங்கில் பகாங்கை 4-0 என வென்று கோப்பையைக் கொண்டுவந்தது. அந்த வெற்றி அணியில் சுந்தரமூர்த்தி இல்லை. அவரைக் காணவே அரங்கிற்குச் சென்ற தமிழ் ரசிகர் பலருக்கு, நாட்டின் மகிழ்ச்சியும் தம் மனத்தின் குறையும் ஒருசேர வந்த நாள் அது.

இதனால், நட்சத்திரம் இல்லாததே வெற்றிக்குக் காரணம் என்று முடிவு கட்டுதல் தவறு. அன்று தலைவராக நின்ற ஃபாண்டியும், மூன்று கோல் போட்ட அப்பாஸும் நட்சத்திரங்களே. அணி என்பது ஒருவருக்காக நிற்பதன்று, ஒருவர் இன்மையால் வீழ்வதுமன்று; நாம் கொள்ளத்தக்கது இவ்வளவே.

கதை அதோடு முடியவில்லை. 2012-இல் சிங்கப்பூரின் இளம் வீரரைப் பெரும்பான்மையாகக் கொண்ட லயன்ஸ் டுவெல்வ் அணி, மலேசிய லீக்கில் ஆடத் தொடங்கியது. அதன் பயிற்றுநர் சுந்தரமூர்த்தி. அயல்நாட்டு வீரர் ஒருவரும் அவ்வணியில் இல்லை; தம்மைப் போன்று கண்ணைப் பறிக்கும் ஒருவரையும் நம்பி அவர் அணி அமைக்கவில்லை. காவலில் கட்டுப்பாடு, ஒவ்வொருவருக்கும் வகுத்த கடமை ஆகியவற்றையே வற்புறுத்தினார். 2013 ஜூலை 2-ஆம் நாள் இரவு, ஜாலான் புசார் அரங்கில் ஃபெல்டா யுனைட்டெட் அணியை 4-0 என வென்று, லயன்ஸ் டுவெல்வ் மலேசிய சூப்பர் லீக் வாகையைச் சூடியது. 2015-உடன் அந்த அணி கலைந்தது, வெற்றி நிலைத்தது. ஆட்டக்காரராக மலேசியக் கோப்பையைச் சிங்கப்பூருக்கு வென்று தராதவர், தாம் ஆடாத அணியைக் கொண்டு லீக் பட்டத்தை வென்று தந்தார்.

பள்ளித் திடலில்

இதில் ஆசிரியர் கருதத்தக்கது ஒன்று உண்டு. பள்ளி அணியிலும் ஒரு சுந்தரமூர்த்தி இருப்பான். கோல் போட்டவன் பெயரே காலைக் கூட்டத்தில் வாசிக்கப்படும். அவனுக்குப் பந்தைக் கொடுத்தவன் வரிசையில் நின்று கைதட்டுவான். நாளடைவில் அவனும் பந்தைக் கொடாமல் தானே உதைக்கக் கற்றுக்கொள்வான். அவன்மேல் குற்றமில்லை, எதைப் பாராட்டுகிறோமோ அதையே பிள்ளைகள் பயில்கிறார்கள்.

கூடைப்பந்துக் குறிப்பேட்டில், கூடையில் போட்டவர் பெயரோடு, அதற்கு வழிசெய்து பந்தைக் கொடுத்தவர் பெயரையும் குறிப்பது வழக்கம். 1997-இன் அந்தக் கடைசிப் பந்துக்கு, கெர்ரின் பெயரில் புள்ளியும், ஜார்டனின் பெயரில் உதவியும் ஏறின. பள்ளித் திடலிலும் அத்தகைய ஒரு பத்தியைச் சேர்த்து, அப்பெயரையும் காலைக் கூட்டத்தில் வாசித்தால் செலவு ஒன்றுமில்லை. திறமை மிக்க பிள்ளை பந்தைக் கொடுக்கப் பழகுவான். திறமை குறைந்த பிள்ளையோ, தன்னிடமும் பந்து வரும் என்று நம்பி ஆயத்தமாக நிற்பான். இவ்விருவரும் சேர்ந்த இடத்திலேயே அணி பிறக்கிறது.