பாடநூல் எந்தக் கட்சி?

1949-இல் டெக்சஸின் ஹூஸ்டன் நகரப் பள்ளி வாரியம், ஃபிராங்க் மக்ரூடர் எழுதிய ‘அமெரிக்கன் கவர்ன்மெண்ட்’ பாடநூலுக்குத் தடை போட்டது. 1917 முதல் பதிப்புமேல் பதிப்பாக வந்து, நாடெங்கும் உயர்நிலைப் பள்ளிகளில் ஓடிக்கொண்டிருந்த புத்தகம் அது. தபால் துறையில் சோஷலிசச் சாயல் உண்டு, இலவசக் கல்வியும் முதியோர் உதவியும் கம்யூனிசத்துக்கு உதாரணம் என்ற ரீதியில் அதில் ஒரு பத்தி இருந்தது. லூசில் கார்டின் கிரேன் நடத்திய ‘எஜுகேஷனல் ரிவ்யூவர்’ இதழ் அதைப் பிடித்துக்கொண்டது. வானொலி ஊரெல்லாம் பரப்பியது. அரசுப் பள்ளிகளை நடத்துகிற வாரியத்துக்கே அரசுப் பள்ளியைப் பற்றிய அந்த வரி பொறுக்கவில்லை!

கல்லூரிகளும் தப்பவில்லை. 1951-இல் வலதுசாரி எழுத்தாளர் வில்லியம் பக்லி, யேல் பல்கலைக்கழகத்தின் பொருளாதாரப் பாடநூல்கள் கூட்டுடைமையின் பக்கம் சாய்கின்றன என்று ஒரு நூலே எழுதினார். வலதுசாரி குற்றம் சாட்டுவார், தாராளவாதி பதில் சொல்வார் என்பதுதான் அன்றைய வழக்கம்.

2008-இல் இது தலைகீழானது. ஜேம்ஸ் க்யூ. வில்சனும் ஜான் டியூலியோவும் எழுதிய, பள்ளி மேல்வகுப்புகளிலும் புழங்கிய கல்லூரிப் பாடநூலைப் பற்றி நியூஜெர்சி மாணவர் ஒருவர் புகார் கிளப்பினார். புவி வெப்பமாதலை அது சந்தேகத்துக்குரிய சங்கதிபோலக் காட்டுகிறதாம். பள்ளிப் பிரார்த்தனை வழக்குகளையும் திரித்துச் சொல்கிறதாம். நாசா விஞ்ஞானி ஜேம்ஸ் ஹான்சன் பதிப்பகத்துக்குக் கடிதமே எழுதினார். வில்சன் பழமைவாதி. டியூலியோ ஜனநாயகக் கட்சிக்காரர். ஆனாலும் அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷின் வெள்ளை மாளிகையில் மதச் சேவை அமைப்புகளுக்கான அலுவலகத்தை முதலில் நடத்தியவர்.

இன்றைய பாடநூலில் இப்படி மாட்டிக்கொள்ளும் பத்தியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சிலர் இப்படிச் சொல்கிறார்கள், வேறு சிலர் அப்படிச் சொல்கிறார்கள் என்று யார் மனமும் நோகாமல் எழுதிவிடுகிறார்கள். எனக்கு இதுவே பெரிய சாய்வாகப் படுகிறது. 2020 அமெரிக்க அதிபர் தேர்தலில் மோசடி நடந்தது என்ற வாதத்தை நீதிமன்றங்கள் அடுத்தடுத்துத் தள்ளிவிட்டன. அதைப் போய் இரு தரப்புக் கருத்து என்று சமமாக நிறுத்துவது நடுநிலை ஆகாது.

சண்டையும் இப்போது புத்தகத்தை விட்டுச் சட்டமன்றத்துக்குப் போய்விட்டது. ஃபுளோரிடா 2023-இல் இயற்றிய சட்டம், அமெரிக்க அமைப்புகளிலேயே இனவெறி ஊறியிருக்கிறது என்ற கோட்பாட்டை அடிப்படையாகக் கொண்ட பாடங்களை அரசுக் கல்லூரிகளின் பொதுக் கல்விப் பட்டியலிலிருந்து விலக்கியது. 2024 ஜனவரியில் சமூகவியல் அறிமுகப் பாடத்தையே அந்த மாநிலம் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. நூலைத் தடை செய்வானேன்? பாடம் போனால் நூல் தானாகப் போகும்.

டெக்சஸிலோ அரசுக் கல்லூரியில் பட்டம் வாங்க ஆறு கிரெடிட் அரசியல் பாடம் கட்டாயம். அத்தனை மாணவர்களுக்கும் விலை கொடுத்து வாங்கும் புத்தகம் சுமைதான். அதே ஹூஸ்டனில் உள்ள ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் 2016-இல் அமெரிக்க அரசாங்கப் பாடநூலை இணையத்தில் இலவசமாகவே தந்தது. வேண்டியதைச் சேர்க்கலாம், வேண்டாததை வெட்டலாம். உரிமம் அதற்கு இடம் தருகிறது. ஏழை மாணவருக்குப் பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனால் வம்பு வேண்டாம் என்று நினைக்கும் பேராசிரியர், யாரும் புகார் தருவதற்கு முன்பே ஓர் அத்தியாயத்தை எடுத்துவிட முடியும். 1949-இல் தடை என்றாவது செய்தி வந்தது. இது அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கும் மாணவருக்குக்கூடத் தெரியாது.