‘டிரை’ ஒயின் என்றால் என்ன? - சிப்பிக்கும் ஷாப்லி ஒயினுக்கும் அப்படி என்ன பொருத்தம்?

“ஒயின்னா இனிப்பாத்தானே இருக்கும்? இது ஏன் எலுமிச்சம்பழத்தைக் கடிச்ச மாதிரி இருக்கு?” பிரான்ஸின் புகழ்பெற்ற ஷாப்லி வெள்ளை ஒயினை முதல் முறை ருசிப்பவருக்கு இந்தக் கேள்வி வருவது இயல்பு. காரணம், அது ‘டிரை’ ஒயின்.

டிரை என்றால் உலர்ந்தது என்று பொருள் அல்ல. இனிப்பு இல்லாதது, அவ்வளவுதான். திராட்சைச் சாற்றின் சர்க்கரையை ஈஸ்ட் ஆல்கஹாலாக மாற்றுகிறது. சர்க்கரை ஏறக்குறைய தீரும்வரை புளிக்கவிட்டால் டிரை ஒயின் கிடைக்கும். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி லிட்டருக்கு 4 கிராம் வரை சர்க்கரை மிச்சம் இருக்கலாம். புளிப்பு தூக்கலாக இருந்தால் 9 கிராம் வரைகூட அனுமதி உண்டு.

நாக்கை இழுத்துப் பிடித்து வறளச் செய்யும் உணர்வைத்தான் டிரை என்கிறார்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். அது வேறு. வாழைப்பூவில் இருக்கிறதே, அந்தத் துவர்ப்பு. திராட்சைத் தோலிலும் விதையிலும் உள்ள டானின் தருவது. தோலோடு சேர்த்துப் புளிக்கவைக்கும் சிவப்பு ஒயினில்தான் அது அதிகம். அறுசுவையில் துவர்ப்புக்குத் தனி இடம் கொடுத்த நமக்கு இந்த வித்தியாசம் சட்டென்று புரியும்.

எப்படி ருசிக்கிறார்கள்?

ஷாப்லி என்பது பாரிஸுக்குத் தென்கிழக்கே சுமார் 180 கி.மீ. தொலைவில், செரேன் ஆற்றங்கரையில் உள்ள சிற்றூர். அங்கே இந்தப் பெயரில் வரும் ஒயினுக்கு ஷார்டொனே என்ற ஒரே திராட்சை ரகம்தான். (அமெரிக்காவில் ஒரு காலத்தில் எந்தெந்தத் திராட்சையிலோ செய்த மலிவு ஒயினுக்கெல்லாம் ‘ஷாப்லி’ என்று பெயர் ஒட்டினார்கள். ரோஸ் நிறத்தில்கூட வந்தது!)

10 டிகிரி செல்சியஸ் அளவில் குளிர்ந்திருந்தால் போதும். ஐஸ் போல ஆக்கினால் வாசனை அடங்கிவிடும். கோப்பையைச் சாய்த்தால் இளம் மஞ்சளில் லேசான பச்சைச் சாயல் தெரியும். மூக்கருகே பச்சை ஆப்பிள், எலுமிச்சை, நனைந்த கல் போன்ற வாசனை. வாயில் வைத்ததும் கன்னங்களின் உட்புறம் எச்சில் ஊறினால், அது புளிப்பின் வேலை. தொழில்முறை ருசிப்பாளர்கள் இதற்குப் பிறகு விழுங்குவதில்லை, துப்பிவிடுகிறார்கள். அதுவே புத்திசாலித்தனம், மதுவில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

சிப்பி ஏன்?

ஷாப்லிக்குப் பக்கத்தில் பச்சைச் சிப்பியை வைப்பது பிரெஞ்சுக்காரர்களின் பழைய வழக்கம். அங்குள்ள மண்ணில் சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய குட்டிச் சிப்பிகளின் புதைபடிவங்கள் நிறைந்திருக்கின்றன. அதனால்தான் இந்தப் பொருத்தம் என்று சொல்வதுண்டு. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால், கல்லின் சுவையை வேர் உறிஞ்சி பழத்துக்கு அனுப்புவதில்லை என்பதே நிலவியலாளர்களின் வாதம்.

உண்மையான காரணம் எளிமையானது. உப்பு, புளிப்பின் கூர்மையைத் தணிக்கிறது. வறுத்த மீனுக்கு எலுமிச்சை பிழிகிறோமே, அந்த வேலையை ஒயினின் புளிப்பு செய்கிறது. சிவப்பு ஒயின் ஏன் கூடாது என்பதற்கும் விடை உண்டு. ஒயினில் இரும்புச்சத்து கூடினால் கடலுணவுக்குப் பிறகு மீன் கவிச்சி தூக்கலாகத் தெரிகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009-ல் காட்டினார்கள்.

ஆட்டுப்பால் சீஸ், ‘கூஜேர்’ என்ற சீஸ் பணியாரம் ஆகியவையும் இதற்குப் பொருந்தும். இனிப்புப் பலகாரம் பொருந்தாது. ஒயின் இன்னும் புளித்துத் தெரியும். மிளகாய்க் காரமும் சிக்கல்தான். ஆல்கஹால் எரிச்சலைக் கூட்டும்.

இந்தப் புளிப்பே இப்போது ஆபத்தில் இருக்கிறது. குளிர்ப் பிரதேசத்தில் மெதுவாகப் பழுப்பதால்தான் திராட்சையில் அமிலம் தங்குகிறது. வெப்பம் கூடினால் பழத்தில் சர்க்கரை ஏறும், அமிலம் குறையும். கொடிகளும் முன்கூட்டியே துளிர்த்து, ஏப்ரல் உறைபனியில் மாட்டிக்கொள்கின்றன. 2021 ஏப்ரலில் அப்படித்தான் பெரும் சேதம். அந்த இரவுகளில் விவசாயிகள் தோட்டமெங்கும் மெழுகுத் தீப்பந்தங்கள் ஏற்றினார்கள். சிலர் துளிர்கள்மேல் தண்ணீரைத் தெளித்தார்கள். நீர் உறையும்போது வெளிவரும் வெப்பம், உள்ளே இருக்கும் துளிரைக் காப்பாற்றும். விடியும்வரை தெளிப்பை நிறுத்தக் கூடாது. நின்றால் அந்தப் பனிக்கட்டியே துளிரைக் கருக்கிவிடும்.