ஒழுகிய புல்லட், ஒழுகாத புல்லட்

புல்லட் இன்று காஞ்சிபுரம் மாவட்டத்தின் சொந்தச் சரக்கு. ஒரகடத்தில் ராயல் என்ஃபீல்டு ஆலை 2013-ல் உற்பத்தியைத் தொடங்கியது. பக்கத்திலேயே வல்லம் வடகாலில் 2017-ல் இன்னொன்று வந்தது. அங்கிருந்து புத்தம் புதிதாக வெளிவரும் வண்டியை ஒரு வாரம் நிறுத்தி வைத்தாலும் தரையில் பொட்டு எண்ணெய் இருக்காது. ஆனால் காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்திலோ சின்ன காஞ்சிபுரத்திலோ திண்ணையோரம் நிற்கும் பழைய கேஸ்ட் அயர்ன் புல்லட்டின் கீழே ஓர் அட்டையோ மணல் தட்டோ கிடக்கும். கேட்டால், "புல்லட்டுன்னா ஆயில் ஒழுகத்தான் செய்யும்" என்பார்கள். இந்தப் பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை. ஒழுகுவது அந்த வண்டியின் பிறவிக் குணம் இல்லை. ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு காரணம் உண்டு.

1950-களின் தொடக்கத்தில் இந்திய ராணுவம் எல்லைக் காவலுக்காக 350 சிசி புல்லட்டுகளை இங்கிலாந்திலிருந்து தருவித்தது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் நகர ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா கம்பெனியைத் தொடங்க, திருவொற்றியூரில் புல்லட் உருவானது. 70 மில்லிமீட்டர் விட்டம், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 346 சிசி. சின்னச் சின்ன மாற்றங்களோடு அரை நூற்றாண்டுக்கு மேல் அதே இன்ஜின்தான் ஓடியது.

அந்த அமைப்பைப் பார்த்தால் எண்ணெய் வெளியேற எத்தனை வாசல்கள் என்று புரியும். கிராங்க் கேஸ் இரண்டு பாதியாகப் பிளந்து நெடுக்காகச் சேரும். கியர்பாக்ஸ் தனி. மேலே ராக்கருக்கு எண்ணெய் கொண்டுபோகும் குழாய் இன்ஜினுக்கு வெளியே ஓடும். அதன் ஒவ்வொரு போல்ட்டுக்கும் இருபுறமும் செம்பு வாஷர். கிளட்ச் பக்கத்து மூடியை நடுவில் ஒற்றை நட்டுதான் பிடித்திருக்கும். விளிம்பில் ஒரு ரப்பர் வளையம். ஒழுகுகிறதே என்று அந்த நட்டை இன்னும் இறுக்கினால் மூடி வளைந்துபோகும், கசிவு கூடும். பழைய புல்லட்டுகளில் நான் பார்த்த பாதிக் கசிவுகள் இப்படி பலத்தால் வந்தவைதான்.

வேறு ஊரில் என்றால் தரையில் விழுந்த எண்ணெயை மண் போட்டு மூடிவிடலாம். காஞ்சிபுரத்தில் அது பெரிய விஷயம். விடியற்காலையில் தெருவிலேயே பாவு விரிக்கும் ஊர் இது. கூடத்தில் தறி, அலமாரியில் பட்டு நூல், மடித்து வைத்த சேலை. புல்லட் வைத்திருந்த தறி முதலாளிகள் சேலைக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் ஆள் வர, காந்தி ரோட்டுக் கடைகளுக்குப் போவார்கள். பட்டில் எண்ணெய்க் கறை பட்டால் பல நாள் உழைப்பின் விலை அங்கேயே இறங்கிவிடும். வண்டியைத் தொட்ட கையோடு தறிக் கூடத்துக்குள் வரக் கூடாது என்பது பல வீடுகளில் சட்டம்.

அதனால்தான் அந்தக் கால மெக்கானிக்குகள் கசிவை அத்தனை மெனக்கெட்டுத் தேடினார்கள். மூடியைக் கழற்றினால், கண்ணாடிப் பலகையில் எமரித் தாளை ஒட்டி, மூடியின் முகத்தை அதன்மேல் எட்டுப் போட்டபடி தேய்ப்பார்கள். மேடு இருக்கும் இடம் மட்டும் முதலில் பளபளக்கும். முகம் முழுக்க ஒரே மாதிரி வரும்வரை தேய்ப்பு நிற்காது. கெட்டிக் காகிதத்தை மூடியின் விளிம்பில் வைத்து, உருண்டைத் தலைச் சுத்தியலால் மெல்லத் தட்டித் தட்டியே பேக்கிங் வெட்டுவார்கள். செம்பு வாஷரைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு இளக்கி, மறுபடியும் மாட்டுவார்கள். எதையும் தூக்கி எறியாத வேலை அது.

அவர்களுக்குத் தெரிந்த இன்னொன்று, இன்ஜினின் மூச்சு. பிஸ்டன் கீழே இறங்கும்போது கிராங்க் கேஸுக்குள் காற்று அழுந்துகிறது. அது வெளியேறத்தான் பிரேதர் குழாய்.

"என்னப்பா, போன மாசம்தானே பேக்கிங் மாத்தின?"

"பேக்கிங்ல குத்தமில்லைங்கய்யா. பிரேதர் அடைச்சிருக்கு. மூச்சு விட வழியில்லன்னா, எங்க சந்து கிடைக்குதோ அங்கதான் எண்ணெயைத் தள்ளும்."

இந்த ஒரு பதிலில் இருக்கும் அறிவு, எத்தனையோ டியூப் பசைக்குச் சமம்.

இன்றைய கதை சுருக்கமானது. 2009-ல் வந்த கிளாசிக்கில் இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் அடங்கின. 2020-ல் மீட்டியரோடு அறிமுகமான 349 சிசி இன்ஜின், 2023-ல் புல்லட்டுக்கும் வந்தது. கணினி இயக்கும் இயந்திரங்கள் முகங்களைத் துல்லியமாகச் சீவுகின்றன. மூடிகளைச் சுற்றிலும் பல போல்ட்டுகள் அளந்த இறுக்கத்தில் பிடிக்கின்றன. வாசல்களே குறைந்துவிட்டன.

கவலை பழைய வண்டிகளைப் பற்றித்தான். அவற்றின் மதிப்பு ஏறியிருக்கிறது. அவற்றை அறிந்த கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. இப்போது கசிவு என்றாலே பசையை அப்பி மூடிவிடுகிறார்கள். உள்பக்கம் பிதுங்கிய பசை பிய்ந்து எண்ணெய் வழியை அடைத்தால் ராக்கர் வறண்டு தேயும். வெளியே சொட்டும் எண்ணெயைவிட அது பல மடங்கு கேடு.

பழைய புல்லட் வைத்திருப்பவர்கள் கழற்றுவதற்கு முன் கண்டுபிடியுங்கள். இன்ஜினை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவித் துடைத்து, நன்றாக உலர்ந்த பின் முகப்பவுடரைத் தூவுங்கள். வாலாஜாபாத் வரை ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். ஓடும்போது காற்று எண்ணெயைப் பின்னால் தள்ளும். ஆகவே ஈரம் தெரியும் இடத்தில் மிக முன்னதும் மிக மேலதும் எதுவோ, அங்கேதான் ஊற்று. பல வாரம் நின்ற வண்டியில் எண்ணெய் அதன் தொட்டியிலிருந்து பம்ப் வழியே கிராங்க் அறைக்குள் இறங்கியிருக்கும். ஸ்டார்ட் செய்ததும் பிரேதரில் கொட்டினால் பயப்பட வேண்டாம். அளவு குச்சியில் எண்ணெய் குறைவாகக் காட்டுகிறதே என்று உடனே ஊற்றவும் வேண்டாம். சில நிமிடம் ஓடவிட்டு, நிறுத்திய பின் பாருங்கள். பிரேதர் குழாயை ஊதிச் சுத்தம் செய்யுங்கள். பேக்கிங் மாற்றுவது அதற்குப் பிறகு.

வடித்தெடுத்த பழைய எண்ணெய் 2016-ம் ஆண்டு விதிகளின்படி அபாயக் கழிவு. அதைத் தெருக் கால்வாயில் ஊற்றினால் நீர்நிலைகளுக்குத்தான் போய்ச் சேரும். கேனில் பிடித்து வையுங்கள். அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சிக்காரரிடம் அனுப்பும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள்.